கேட்கலாம், கதவைச் சாத்தலாமா?

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? நம் ஊரில் ஒரு வேட்பாளர் சொத்துக் கணக்கை மறைத்தார் என்று பேச்சு வந்தால் டீக்கடையில் முதலில் விழுகிற வார்த்தை இதுதான். 2016-ல் அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். டொனால்டு டிரம்ப் தன் வருமான வரிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது என்று சொல்லி, அதை வெளியிடாமலே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அந்தக் கோபத்தில் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வரிக் கணக்கைக் காட்டாதவர் பெயர் வாக்குச்சீட்டில் வராது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. அந்தச் சட்டம் கேட்டது நியாயம், கேட்ட விதம் தப்பு என்பது என் கட்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'இவர் எந்தப் பக்கம்' என்று கடைசி வரை நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜனாதிபதி வேட்பாளர் தன் வரிக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். 1967-ல் ஜனாதிபதி பதவிக்குக் குறிவைத்த மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி 12 வருடக் கணக்கை மொத்தமாக எடுத்துக் கொடுத்தார். ஆனால் வழக்கம் வேர் பிடித்தது ஜனாதிபதி நிக்சனால். 1973-ல் ஒரு பத்திரிகை அவருடைய வரித்தொகையைப் போட்டு உடைத்தது. 1970-ல் அவர் கட்டிய மத்திய வருமான வரி 792 டாலர் 81 சென்ட். அப்போது ஜனாதிபதியின் சம்பளம் வருடத்துக்கு 2 லட்சம் டாலர். எப்படி நடந்தது இது? துணை ஜனாதிபதியாக இருந்தபோது சேர்ந்த தன் காகிதங்களை அரசு ஆவணக்காப்பகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்ததாகக் காட்டி, பெரிய தொகையைக் கழித்திருந்தார். 1969 ஜூலை 25-க்குப் பிறகு கொடுத்த காகிதங்களுக்குக் கழிவு கிடையாது என்று சட்டம் மாறியிருந்தது. நன்கொடைப் பத்திரத்திலோ அதற்கு முந்தைய ஒரு தேதி பொய்யாகப் போடப்பட்டிருந்தது. அந்த நவம்பரில் ஆர்லாண்டோவில், டிஸ்னி வேர்ல்டில் நடந்த பத்திரிகை ஆசிரியர்கள் கூட்டத்தில்தான், "நான் மோசடிக்காரன் இல்லை" என்ற அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை அவர் சொன்னார். அவர் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலைப் பற்றிச் சொன்னதாகவே பலரும் நினைக்கிறார்கள். பணத்தைப் பற்றிய கேள்வியில் வந்த பதில் அது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில் 4 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி நின்றது. அடுத்து வந்த ஃபோர்டு சுருக்கம் மட்டும் கொடுத்தார். கார்ட்டர் முதல் ஒபாமா வரை ஜனாதிபதிகள் எல்லாரும் கணக்கைக் காட்டினார்கள்.

அப்படியானால் சட்டம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1978-ல் வாட்டர்கேட்டின் சூட்டில் காங்கிரஸ், அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம், ஓர் அரசு நெறிமுறைச் சட்டம் போட்டது. ஜனாதிபதி வேட்பாளர் ஆனவர் தன் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் அதற்குரிய படிவத்தில் எழுதித் தர வேண்டும். 2016-ல் டிரம்ப் கொடுத்த படிவம் 104 பக்கம். ஆனால் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தொகையைத் துல்லியமாக எழுத வேண்டியதில்லை. இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு கட்டத்தை 'டிக்' செய்தால் போதும். உச்சக் கட்டம் '5 கோடி டாலருக்கு மேல்'. 5 கோடியே ஒரு டாலரும் அங்கேதான், 500 கோடியும் அங்கேதான். எவ்வளவு வரி கட்டினார் என்பது அதில் வரவே வராது. தாமதமாகக் கொடுத்தால் 200 டாலர் கட்டணம். வேண்டுமென்றே மறைத்தால் அபராதம், வழக்கு. வாக்குச்சீட்டிலிருந்து பெயரை மட்டும் எடுக்க மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவுக்கு வருவோம். 2017-லேயே அங்கே வரிக் கணக்கு கேட்டு ஒரு மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நம் ஊர் ஆளுநர் இல்லை. அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. டிரம்பின் கட்சிக்காரரும் அல்ல, பழுத்த ஜனநாயகக் கட்சிக்காரர். இன்றைக்கு வரிக் கணக்கு, நாளைக்கு என்ன, மருத்துவக் குறிப்பா, பிறப்புச் சான்றிதழா, பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த கேவின் நியூசம் 2019 ஜூலை 30-ல் அதே மாதிரி இன்னொரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தல் வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமானால், 98 நாளுக்கு முன்பே, கடைசி ஐந்து வருட வரிக் கணக்கை, தேர்தலைக் கவனிக்கிற மாநிலச் செயலரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு படி. ஒன்று அப்படியே, இன்னொன்றில் சமூகப் பாதுகாப்பு எண், வீட்டு முகவரி போன்றவற்றின் மேல் கறுப்பு மை. மை பூசியதை மக்கள் பார்க்க இணையத்தில் போடுவார்கள். பிரைமரி 2020 மார்ச் 3. அப்படியென்றால் கெடு 2019 நவம்பர் 26.

வழக்கு வராமல் இருக்குமா? டிரம்ப் போட்டார், அவருடைய குடியரசுக் கட்சி போட்டது. சாக்ரமெண்டோவில் மத்திய மாவட்ட நீதிபதி மாரிசன் இங்க்லண்ட் செப்டம்பரிலேயே தடை விதிப்பதாகச் சொல்லி, அக்டோபர் தொடக்கத்தில் விரிவாக எழுதினார்.

விவாதத்தின் சத்து இங்கேதான். அரசியல் சட்டம் ஜனாதிபதிக்கு மூன்றே தகுதி சொல்கிறது: பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 வருட வாசம். இதோடு நாலாவதாக ஒன்றை ஒரு மாநிலம் சேர்க்க முடியுமா? இதே மாதிரி ஆர்கன்சாஸ் மாநிலம் ஒரு தந்திரம் செய்து பார்த்தது. மூன்று முறை பிரதிநிதிகள் சபைக்கோ, இரண்டு முறை செனட்டுக்கோ போனவர் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட மாட்டோம். ஆனால் மக்கள் கையால் எழுதிப் போட்டால் எண்ணுவோம், நாங்கள் தகுதி எதுவும் சேர்க்கவில்லை என்றது. 1995-ல் உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற மெலிதான பெரும்பான்மையில், இது முன்வாசலில் செய்ய முடியாததைக் கொல்லைப்புறமாகச் செய்வது என்று தள்ளிவிட்டது. எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். அவரே 1983-ல் இன்னொரு வழக்கில் ஒஹையோ மாநிலத்துக்குச் சொன்ன சங்கதி இங்கே இன்னும் பொருந்தும்: ஜனாதிபதித் தேர்தலின் முடிவு பெருமளவு உன் எல்லைக்கு வெளியே இருக்கிற வாக்காளர்கள் கையில் இருக்கிறது, அதனால் அதை ஒழுங்குபடுத்துவதில் உன் அக்கறைக்கு எடை கொஞ்சம் குறைவு.

கலிஃபோர்னியாவின் பதிலும் லேசானதல்ல. வயதை யாரும் கூட்டிக்கொள்ள முடியாது. பதவியில் இருந்த வருடங்களை அழித்துவிட முடியாது. ஆனால் ஒரு காகிதக் கட்டைக் கொடுப்பது யாராலும் முடிகிற காரியம், ஒரு மத்தியானப் பொழுது போதும். கையெழுத்துச் சேகரித்து வா, கட்டணம் கட்டு என்று மாநிலங்கள் கேட்கத்தானே செய்கின்றன? நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரம் டாலர் கட்டினால் பெயர் வருகிறது. இதுவும் அந்த மாதிரி நடைமுறைதானே என்றார்கள். இந்த வாதத்தை முதல் தடவை படித்தபோது நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். பிறகு தோன்றியது: கையெழுத்து கேட்பதும் கட்டணம் கேட்பதும் தேர்தலை நடத்துவதற்கு. வாக்குச்சீட்டு சினிமா போஸ்டர் மாதிரி நீண்டுவிடக் கூடாது, விளையாட்டுக்கு மனுப்போடுகிறவர்கள் வந்து குவியக் கூடாது. வரிக் கணக்கு அப்படியல்ல. அது ஆள் எப்படிப்பட்டவர் என்று எடைபோடுவதற்கு. அந்தத் தராசு வாக்காளர் கையில் இருக்க வேண்டியது.

அதோடு, யாரை மனதில் வைத்துத் தைத்த சட்டை என்பது எல்லாருக்கும் தெரியும். நல்ல நோக்கத்துக்கு இன்று தைத்த சட்டையை நாளை வேறொருவர் வேறொருவருக்கு மாட்டுவார். இது வெறும் கற்பனை இல்லை. 2011-ல் அரிசோனா சட்டமன்றம், ஒபாமா எங்கே பிறந்தார் என்ற வதந்தியின் மேல் ஏறி, ஜனாதிபதி வேட்பாளர் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால்தான் வாக்குச்சீட்டில் பெயர் என்று மசோதா நிறைவேற்றியது. அது இல்லாவிட்டால் ஞானஸ்நானச் சான்றிதழோ, சுன்னத் செய்த சான்றிதழோ கூடச் சரிதானாம்! குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் புரூவரே, உலகின் பெரிய பதவிக்கு நிற்பவரிடம் இதைக் கேட்கச் சொல்லும் மசோதா என் மேசைக்கு வரும் என்று நினைத்ததே இல்லை என்கிற தோரணையில் திருப்பி அனுப்பினார். ஜெர்ரி பிரவுனின் பட்டியலில் இருந்த பிறப்புச் சான்றிதழ் ஏற்கெனவே ஒரு தடவை மேசை வரை வந்து போனதுதான்.

முன் வரிசையில் தம்பி ஒருவர் கை தூக்குகிறார். சொல்லுங்கள். ...சரியான கேள்வி. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற எலெக்டர்களை எப்படி நியமிப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவுசெய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறதே, பிறகு என்ன தடை என்கிறார். எதிர்த்தரப்பின் கனமான ஆயுதம் அதுதான் தம்பி. 1892-லேயே உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் மிக அகலமானது என்று சொல்லிவிட்டது. சொன்னபடி ஓட்டுப் போடாத எலெக்டர்களுக்கு வாஷிங்டன் மாநிலம் ஆயிரம் டாலர் அபராதம் போட்டது செல்லும் என்றும் 2020-ல் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி எலெனா கேகன் ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்: நியமன நிபந்தனை என்ற பெயரில் ஜனாதிபதி வேட்பாளர்களுக்குப் புதிய தகுதியைச் சுமத்தினால், அது ஜனாதிபதித் தகுதிப் பிரிவோடு மோதக்கூடும். மோதும் என்று சொல்லவில்லை, மோதக்கூடும் என்கிறார். 2024 மார்ச் 4-ல் கொலராடோ வழக்கில், கலகத்தில் ஈடுபட்டார் என்று டிரம்பை வாக்குச்சீட்டிலிருந்து தனியொரு மாநிலம் நீக்க முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேட்பாளர் பட்டியல் மாறினால் ஒட்டுத்துணி மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் கவலை. வரிக் கணக்கு பற்றி மட்டும் அந்த நீதிமன்றம் இதுவரை நேராக வாய் திறக்கவில்லை.

அப்படியானால் கலிஃபோர்னியா சட்டத்தைக் கடைசியில் வீழ்த்தியது யார்? கலிஃபோர்னியாவேதான். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால், நவம்பர் 21-ல், மாநில உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சட்டம் செல்லாது என்றார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி டானி கான்டில்-சகாவுயே. மத்திய அரசியல் சட்டத்தை அவர்கள் தொடவே இல்லை. மாநில அரசியல் சட்டத்தில் 1972-ல் மக்களே ஓட்டுப் போட்டுச் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது: நாடு முழுவதுமோ கலிஃபோர்னியா முழுவதுமோ ஜனாதிபதி வேட்பாளராக அறியப்பட்டவர் எல்லாருடைய பெயரும் பிரைமரி வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும். அதற்கு முன் கட்சிப் பெரிய மனிதர்கள் சேர்ந்து முடிவுசெய்த பெயர்தான் சீட்டில் வரும். 1968-ல் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் கலிஃபோர்னியா வாக்காளருக்கு இருந்த ஒரே பெயர் அவர்களுடைய ஆளுநர் ரீகன். அந்தச் சலிப்பில் மக்கள் கட்டிய வாசலை 2019-ல் சட்டமன்றம் பாதி அடைக்கப் பார்த்தது.

நம் ஊர் எப்படி என்று கேட்பீர்கள். 2002-ல் நம் உச்ச நீதிமன்றம் வேட்பாளர் சொத்து விவரம் தர வேண்டும் என்றது. இன்று படிவம் 26-ல் ஐந்து வருட வருமானமும் எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் தீர்ப்பும் உண்டு. அதாவது இங்கே கதவைச் சாத்துகிறார்கள்தான். ஆனால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை மக்களவைத் தேர்தலுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அமெரிக்காவிலும் அந்தப் பூட்டைப் போட வேண்டியது காங்கிரஸ். 2019 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை, பத்து வருட வரிக் கணக்கைக் கேட்கிற மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை எடுக்கவே இல்லை. இன்னொரு வழியும் உண்டு: கட்சிகளே தங்கள் வேட்பாளரிடம் கேட்கலாம். எந்த நீதிமன்றத்துக்கும் வேலை இருக்காது. அதையும் பெரிய கட்சிகள் செய்யவில்லை.

டிரம்பின் கணக்கு என்ன ஆயிற்று? கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். 2020 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், 2016-லும் 2017-லும் அவர் கட்டிய மத்திய வருமான வரி தலா 750 டாலர் என்று எழுதியது. நிக்சனைவிட ஏறக்குறைய 43 டாலர் குறைவு. 2022 டிசம்பர் 30-ல் பிரதிநிதிகள் சபைக் குழு ஆறு வருடக் கணக்கை வெளியிட்டது. எந்த மாநிலமும் எந்த வாக்குச்சீட்டிலும் கை வைக்காமலே வந்தவை இவை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கலிஃபோர்னியா சட்டத்தில் ஆளுநர் வேட்பாளருக்கும் அதே நிபந்தனை இருந்தது; அது தன் மாநிலப் பதவி என்பதால் அந்தப் பாதி பிழைத்துக்கொண்டது. சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே நியூசமைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க 2021-ல் தேர்தல் வந்தது. அவர் இடத்துக்கு நின்றவர்களில் வானொலிப் பேச்சாளர் லாரி எல்டர் பெயர் முதல் பட்டியலில் இல்லை. கணக்கைக் கொடுத்திருந்தார், மை பூசிய படியும் பூசாத படியும் சரியாக இல்லை என்று மாநிலச் செயலர் அலுவலகம் ஒதுக்கிவிட்டது. சாக்ரமெண்டோ நீதிமன்றத்துக்குப் போனார். இந்த விதி பிரைமரிக்குத்தான், திரும்ப அழைக்கும் தேர்தலுக்கு இல்லை என்று நீதிபதி சொல்ல, பெயர் ஏறியது. மாற்று வேட்பாளர் 46 பேரில் அதிக ஓட்டு வாங்கியவர் அவர்தான். நியூசம் போக வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டதால் அந்த ஓட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். மீதிக் கேள்விகளை அங்கே நின்றுகொண்டே பேசுவோம். நன்றி.