ஸ்டார் கவுண்டி மனம் மாறியதா? ஒரு நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்டார் கவுண்டி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது என்றீர்கள். 2024இல் அங்கே டிரம்ப் வென்றுவிட்டார். அப்படியானால் அந்த மக்கள் அத்தனை பேரும் மனம் மாறிவிட்டார்களா?”

நல்ல கேள்வி, அம்மா. பல தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஊரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஸ்டார் கவுண்டி ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது, மறுகரை மெக்சிகோ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 65,920. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். 1892இல் பெஞ்சமின் ஹாரிசன் வென்றதற்குப் பிறகு, 2024 வரை எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் அங்கே வெல்லவில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு 79 சதவீதம், டிரம்புக்கு 19. நான்கே ஆண்டுகளில் பைடனுக்கு 52, டிரம்புக்கு 47. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஊரே கட்சி தாவிவிட்டது போலத் தோன்றும். வாக்குகளை எண்ணிப் பாருங்கள். ஹிலாரி வாங்கியது 9,289. பைடன் வாங்கியது 9,123. வித்தியாசம் 166 வாக்குகள், அவ்வளவுதான். ஆனால் டிரம்பின் வாக்கு 2,224இலிருந்து 8,247 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஆறாயிரம் கூடுதல்! அதே காலத்தில் பதிவான மொத்த வாக்குகள் ஏறத்தாழ 11,700இலிருந்து 17,500 ஆக உயர்ந்தன. அங்கேயும் அதே ஆறாயிரம்தான்.

அந்த ஆறாயிரம் பேரும் புதிதாக வந்தவர்கள் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வாக்கு இரகசியமானது. சிலர் இறந்திருப்பார்கள், சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் உண்மையிலேயே கட்சி மாறியிருப்பார்கள். ஆனாலும் பழைய வாக்காளர் மனம் மாறியதை மட்டும் வைத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது. முன்பு வீட்டில் இருந்தவர்கள் பெருமளவில் வெளியே வந்திருக்கிறார்கள். “இது ஜனநாயகக் கட்சியின் கோட்டை” என்று எழுதிய காலத்திலெல்லாம் அவர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

ஏன் அத்தனை பேர் வராமல் இருந்தார்கள்? டெக்சாஸில் பதினெட்டு வயது ஆனவர் தாமாகத்தான் பெயரைச் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவர் படிவத்தை இணையத்தில் நிரப்பலாம்; ஆனால் அச்சிட்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அஞ்சலிலோ நேரிலோ சேர்ப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே கதவு மூடிவிடும். 2024இல் கடைசி நாள் அக்டோபர் 7. நான் என் கவுண்டியில் தன்னார்வப் பதிவாளராக இருக்கிறேன். மறுநாள் 8ஆம் தேதி மாலை, மேசையை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது. கிடங்கில் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு, சீருடையோடு, ஓட்டுநர் உரிமத்தைக் கையில் நீட்டியபடி நின்றான். “நேற்றோடு முடிந்துவிட்டது, தம்பி” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தேர்தலுக்காக அவன் படிவத்தை வாங்கிக்கொண்டேன். அதிபர் தேர்தல் புள்ளிவிவரத்தில் அவன் எந்தச் சார்பும் இல்லாதவன்.

சார்பு என்றதும் இன்னொன்று. டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சியின் பெயரே கிடையாது. ஒருவர் எந்தப் பக்கம் என்பதற்குக் கிடைக்கும் ஒரே பதிவு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிகளின் முதல்நிலைத் தேர்தலில் அவர் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்கினார் என்பதுதான். ஸ்டார் மாதிரி ஊரில் ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவர் யார், கவுண்டி நிர்வாகத்தின் தலைவரான ‘கவுண்டி நீதிபதி’ யார் என்பதெல்லாம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே முடிவாகிவிடும். சித்தப்பா மகனோ கூடப் படித்தவனோ போட்டியிடும்போது ஊரார் அந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைத்தான் வாங்குவார்கள். அதை வைத்து ஒருவருடைய அதிபர் வாக்கைக் கணிப்பது தவறு. 2024 அக்டோபரில் ஸ்டார் கவுண்டியின் தலைமையிடமான ரியோ கிராண்டே சிட்டி வழியாக 83ஆம் நெடுஞ்சாலையில் போனேன். ஒரு வீட்டின் கம்பி வேலியில் ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் வேட்பாளர் பலகை. அதே வேலியின் மூலைக் கம்பத்தில் டிரம்ப் கொடி. அந்த வீட்டுக்காரருக்கு அதில் முரண்பாடு எதுவும் இருந்திருக்காது.

ஒரே குறியால் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்களிக்கும் வசதி டெக்சாஸில் முன்பு இருந்தது. 2020 நவம்பர் தேர்தலிலிருந்து அது கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் குறியிட வேண்டும் என்றானபோது, மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி என்று பிரித்துப் போடுவது இயல்பாகிவிட்டது.

சரி, 2020இல் வந்தவர்களை எது வெளியே அழைத்துவந்தது? அந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு எல்லைக் காவல் படையிலும் எண்ணெய் வயல்களிலும்தான் நல்ல சம்பளம். எண்ணெய்த் தொழிலைக் குறைப்போம் என்ற பைடனின் பேச்சு அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. கொரோனாவுக்கு அஞ்சி ஜனநாயகக் கட்சியினர் வீடு வீடாகப் போவதைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். மறுபக்கம் டிரம்ப் கொடி கட்டிய வண்டிகள் வரிசை வரிசையாக வந்தன. அழைத்தவர் பக்கம் போனார்கள்.

2024இல் கதை வேறு, அம்மா. டிரம்ப் ஏறத்தாழ 58 சதவீதம் வாங்கினார். விலைவாசி கழுத்தை நெரித்த ஆண்டு அது. ஆனால் மொத்த வாக்குகள் 2020ஐ எட்டவில்லை. டிரம்புக்குக் கூடியதைவிடக் கமலா ஹாரிஸ் பக்கம் குறைந்தது அதிகம். அவருக்கு விழுந்தவை ஏழாயிரத்துக்கும் கீழே. ஆகவே உங்கள் கேள்விக்கு இரண்டு தேர்தல்களுக்கும் இரண்டு பதில்கள். 2020இல், அதுவரை வராதவர்கள் வந்தார்கள். அடுத்த முறை மனம் மாறியவர்களும் உண்டு. வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிட்டதும் உண்டு.