மதிப்பீடு ஒரு நாள், சம்பளம் வேறொரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி, பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஆனால் ஆண்டுக்கொருமுறை மேலதிகாரி எதிரில் பணி மதிப்பீட்டுக்காக உட்கார்ந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அவர் பேசிக்கொண்டே போவார். நம் மனமோ இன்கிரிமென்டிலேயே நிற்கும். அதனால்தான் வற்புறுத்துகிறேன்: வேலையைப் பற்றிய பேச்சையும் சம்பளத்தைப் பற்றிய பேச்சையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 1965-இல் வெளிவந்தன. அதிகமாகக் குறை சொல்லப்பட்ட வேலைகளில்தான் முன்னேற்றம் குறைவாக இருந்தது. பாராட்டும் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. இன்ன வேலை, இன்ன தேதிக்குள் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தபோதுதான் பலன் தெரிந்தது. இந்த இரண்டு பேச்சையும் பிரித்து வைக்கச் சொன்னவர்களும் அந்த ஆய்வாளர்களே.

தேர்வுப் பிரிவு உதவியாளர் ஒருவரை எனக்குத் தெரியும். தேர்வு அட்டவணை வெளியாகும் முன்பே, அரியர் வைத்திருக்கும் மாணவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வார். பழைய பாடத்திட்டத் தாளும் நடப்புப் பருவத் தாளும் ஒரே காலையில் மோதுகின்றனவா என்று வரிவரியாகப் பார்ப்பார். மோதினால் அன்றே குறிப்பெழுதி மாற்ற வைப்பார். ஹால் டிக்கெட்டோடு கண்ணீர் விட்டுக்கொண்டு எந்த மாணவரும் அலுவலக வாசலில் நின்றதில்லை. அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'சராசரி.' பிரச்சினை எதுவும் எழவில்லை. ஆகவே வேலையும் யார் கண்ணிலும் படவில்லை! கூட்டங்களில் நன்றாகப் பேசும் இன்னொருவருக்கு, கோப்பு பராமரிப்பு உட்பட எல்லாவற்றிலும் 'மிக நன்று'. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது அந்த அதிகாரி ஒருவருடைய கோளாறு அன்று. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இலேயே இதைக் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருப்பவர்களுக்கு உடல்தகுதி, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். ஆனால் ஒருவரைப் பற்றிய பொதுவான எண்ணமே எல்லா மதிப்பெண்களிலும் படிந்திருந்தது. பல்கலைக்கழகத்திலும் அதுவேதான். ஆய்வகம், நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு, எங்கும் அமைதியாக வேலை பார்ப்பவர் பின்தங்கிவிடுகிறார்.

ஆகவே மாதம் ஒருமுறை ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: தேதி, செய்த வேலை, அதனால் விளைந்தது. ஆண்டு முடிவில் நினைவை மட்டும் நம்பினால் கடைசி ஒரு மாதம்தான் நினைவுக்கு வரும். அந்த உதவியாளருக்கு யாராவது இந்த இரண்டு வரியை எழுதி வைத்திருந்தால் 'சராசரி' என்று எழுதக் கை வந்திருக்காது.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. ஊதியத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றையாவது சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவரை ஈர்க்கத் தொடக்கச் சம்பளத்தை உயர்த்துகிறோம். அதே பதவியில் பல ஆண்டு இருப்பவரின் சம்பளத்தை அவர் எட்டிப்பிடித்துவிடுகிறார். ஆண்டுதோறும் பதவிவாரியாக, சேர்ந்த ஆண்டையும் சம்பளத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பழையவர் கேட்டு வரும்வரை காத்திருக்காமல் நீங்களே சரிசெய்யுங்கள். வணக்கம்.