பாபி ஜோன்ஸின் மட்டைகள்: பெயர் பொறித்தவையும் பெயர் இல்லாதவையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோல்ஃப் நினைவுப்பொருள்களைச் சேகரிப்பவர்கள் மிகுதியாகத் தேடும் பெயர்களுள் ஒன்று, பட்டங்களை வென்ற காலம் முழுவதும் பரிசுப் பணம் எதையும் கைநீட்டி வாங்காத ஓர் அமெச்சூர் ஆட்டக்காரருடையது. 1902இல் அட்லாண்டாவில் பிறந்து, வழக்கறிஞராகப் பிழைப்பு நடத்திய பாபி ஜோன்ஸ், 1923 முதல் 1930 வரையிலான எட்டு ஆண்டுகளில் அந்நாளைய பெரும்பட்டங்களில் 13ஐ வென்றார். 1930ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் ஓப்பன் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொள்வது), அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் சேர்த்து வென்றுவிட்டு, 28ஆவது வயதில் போட்டிகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

அமெச்சூர் என்னும் நிலையை அவர் எவ்வளவு கண்டிப்பாகக் காத்தார் என்பதை அறியாமல் அவருடைய பொருள்களை மதிப்பிட முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அவர் வீடு கட்டிக்கொள்வதற்காக அட்லாண்டா நகரத்தார் 1927இல் 50,000 டாலர் திரட்டிக் கொடுத்தபோது, அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை விரும்பவில்லை என்று தெரிந்ததும் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், புல்லில் கிடந்த பந்து இலேசாக அசைந்ததை வேறு எவரும் பார்க்காத நிலையிலும், தம் கணக்கில் தாமே ஓர் அடியைத் தண்டனையாகக் கூட்டிக்கொண்டார்; கோல்ஃபில் பந்தைக் குறைந்த எண்ணிக்கையில் அடித்து முடிப்பவரே வெல்வார். முடிவில் இருவர் சமநிலையில் நிற்க, வெற்றியைத் தீர்மானிக்க நடந்த மறு ஆட்டத்தில் அவர் வில்லி மெக்ஃபார்லேனிடம் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாதிருந்தால் மறு ஆட்டத்துக்கே தேவை இருந்திராது.

இப்படிப்பட்டவர் தம் பெயரை எந்த மட்டையின் மீதும் விலைக்குக் கொடுத்திருக்க வழியில்லை. போட்டிகளை விட்ட பிறகே வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகப் பயிற்சிக் குறும்படங்களில் நடித்தார். ஸ்பால்டிங் நிறுவனத்துடன் சேர்ந்து தம் பெயர் பொறித்த மட்டைகளை வெளியிட்டார். அவை பல ஆண்டுகள் பெருமளவில் விற்பனையானவை. ஆகவே, ‘ஜோன்ஸ்’ என்று பெயர் பொறித்த மட்டை ஒன்று கைக்குக் கிடைத்ததும் அவரே ஆடிய மட்டை கிடைத்துவிட்டதாக எவரும் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தப் பெயரே அது பிற்காலத்துச் சரக்கு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘கலாமிட்டி ஜேன்’ என்ற பட்டர் மட்டையை எடுத்துக்கொள்வோம். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடப் பயன்படும் இந்த மட்டை, ஹிக்கரி மரத்தண்டும் மெல்லிய இரும்புத் தகடு போன்ற தலையும் கொண்டது; 1920இல் ஜோன்ஸின் கைக்கு வந்தது. தண்டில் விழுந்திருந்த பிளவு மேலும் விரியாமலிருக்க, மூன்று இடங்களில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துருவைத் தேய்த்துத் தேய்த்து அதன் முகம் மழுங்கிப்போனதால், அதே வடிவில் இரண்டாவது மட்டை ஒன்று செய்யப்பட்டது. அவருடைய கடைசிப் பத்துப் பெரும்பட்டங்களும் அந்த இரண்டாவது மட்டையால் வந்தவை. பின்னாளில் கடைக்கு வந்த நகல்களைக் கூர்ந்து பார்த்தால், பிளவே விழாத தண்டிலும், ஏன், எஃகுத் தண்டிலும்கூட, அந்த மூன்று கறுப்பு வளையங்கள் அழகுக்காக இடம்பெற்றிருப்பதைக் காணலாம். பழுது பார்த்த கட்டு அலங்காரமாக மாறிய கதையை அறிந்தவர் நகலை அசலென்று நம்பி ஏமாற மாட்டார்.

அசல்கள் விற்பனைக்கு வருபவை அல்ல. முதல் மட்டை, ஜோன்ஸ் இணைந்து நிறுவிய அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பிலும், இரண்டாவது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்திலும் உள்ளன. 1926 பிரிட்டிஷ் ஓப்பனில், 17ஆவது குழிக்கான ஆட்டத்தின்போது மணலில் கிடந்த பந்தை ஏறத்தாழ 175 கஜம் பறக்கவிட்ட ‘மேஷி இரும்பு’ என்ற இரும்புத்தலை மட்டை, அந்தப் போட்டி நடந்த ராயல் லித்தம் கிளப் மாளிகையிலேயே இருக்கிறது.

சேகரிப்பாளருக்கு எஞ்சுபவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பவை அவருடைய கடிதங்கள். நண்பர்கள் அவரை ‘பாப்’ என்றே அழைத்தார்கள். அவர் இட்ட கையெழுத்தும் பெரும்பாலும் ‘பாப் ஜோன்ஸ்’ என்றே இருக்கும். தண்டுவடத்தைத் தாக்கும் சிரிங்கோமைலியா என்ற நோய் முற்றியபின், பேனாவை விரல்களால் பற்ற முடியாமல், அதை ஒரு பந்தில் செருகிப் பிடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். எனவே 1960களின் பிற்பகுதியில் எழுதப்பட்டதாகக் காட்டப்படும் கடிதத்தில் கையெழுத்து இளமைக்காலத்தைப் போலவே தடையின்றி ஓடியிருந்தால், அது மற்றொருவர் கையால் இடப்பட்டதோ என்று ஐயுற்று விசாரிப்பதே முறை.

அத்தகைய கடிதங்களுக்கு விலை கொடுக்க இயலாத இளைஞர்கள், 1981இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவத்துடன் வெளியிட்ட 18 சென்ட் தபால்தலையிலிருந்து தங்கள் சேகரிப்பைத் தொடங்கலாம். அதே வரிசையில் அவருடன் வெளியான மற்றொரு தபால்தலை, கோல்ஃப் வீராங்கனை பேப் ஸஹாரியஸுக்கானது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.