சின்ன மரக்கால்

வணக்கம். இன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு ஆட்டோவில் வந்தேன். பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் வந்ததும் ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானும்தான். மேலே பறக்கும் ரயில், கீழே கறுப்புத் தண்ணீர். "இதை யார் வெட்டினாங்க, தெரியுமா?" என்று கேட்டேன். "கார்ப்பரேஷன்தானே சார்?" என்றார்.

சின்ன வயதில் அவசர அவசரமாகச் சாப்பிட்டால் பாட்டி திட்டுவாள்: "தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவனாட்டம் திங்கறான் பாரு." தாது என்றால் இரும்புத் தாது, செம்புத் தாது என்று பாடப் புத்தகத்தில் வருமே, அதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தமிழ் வருஷத்தின் பெயர். 1876-ல் பிறந்த வருஷம். அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலுமாகச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, சுமார் 8 கிலோமீட்டருக்கு இந்தக் கால்வாயை வெட்டியவர்கள் பஞ்சத்தில் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த பட்டினிக்காரர்கள்தான். வடக்கே போகிற பகுதி அதற்கும் பழையது. பெயர் மட்டும் அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்கு.

1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு நாளெல்லாம் மண் சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது உயிரைப் பிடித்துவைக்கக்கூடப் போதாது என்று சண்டை போட்டார். அதே ஜனவரியில்தான் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் நடந்தது.

இதைச் சொல்லும்போது என் குரல் ஏறுகிறது, கவனித்தீர்களா? ஏறும். குற்றவாளி வெள்ளைக்காரன், செத்தது நம் ஜனம். இந்த மாதிரி வரலாற்றைப் பேச யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. கைதட்டலும் கிடைக்கும். என் சங்கடம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். வீட்டில் நிலம் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரைத் தீ வைத்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். விவசாயக் கூலிகள், தலித்துகள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்காரர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு வசதியானவர்கள் தாங்களே போய் இதைச் செய்திருப்பார்களா என்ற ரீதியில் போனது அந்தத் தீர்ப்பு. எழுதப்பட்டது இந்த ஊரில்தான்.

அப்பா திண்ணையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவங்க பண்ணினது ரொம்பத் தப்பு" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. நம்ம காவேரி, நம்ம கோயில், நம்ம காந்தி என்று பேசுகிறவர் அவர். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் 'அவங்க' வந்தது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. நாங்கள் என்றால் அவர் வெளியே. தேசம் என்று பேசும்போது எல்லோரும் நாம்தான் சொல்கிறோம். கீழ்வெண்மணி என்றதும் அது அவங்களாக ஆகிவிடுகிறது. ஒருமுறை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, "சார், இது ஜாதிப் பிரச்சினை. நாட்டு வரலாறு இல்லையே?" என்று கேட்டார். நல்ல பையன், குதர்க்கமில்லை. 44 பேரும் இந்தியர்கள்தானே என்றேன். அப்புறம் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜெர்மனிக்காரர்கள் தலைநகர் பெர்லினின் நடுவிலேயே, தங்கள் நாடு கொன்ற யூதர்களுக்காக 2,711 கான்கிரீட் பாளங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். திறந்தது 2005-ல், போர் முடிந்து 60 வருஷம் கழித்து. அவர்களுக்கும் சுலபமாக வந்துவிடவில்லை.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். ஊரில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குப் பக்கத்தில், அதை அளக்கிற மரக்கால் இரண்டு கவிழ்த்து வைத்திருக்கும். ஒன்று கொஞ்சம் சின்னது. ஏன் இரண்டு என்று நான் கேட்டதே இல்லை. போன தையில் ஊருக்குப் போனபோது அத்தையிடம் கேட்டேன். எண்பத்தெட்டு வயது. "பெருசு நமக்கு அளக்கறதுடா. சின்னது ஆளுங்களுக்கு." சொல்லிவிட்டு முறத்திலிருந்த அரிசியைக் கொஞ்ச நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "ரெண்டையும் மரக்கால்னுதான் சொல்லுவோம்" என்றாள்.

சின்னதை நான் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பேரன் அதில் கிரிக்கெட் பந்துகளைப் போட்டு வைத்திருக்கிறான். என்னவென்று ஒருதரம் கேட்டான். பழைய பாத்திரம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அன்றைக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

வணக்கம்.