வெயிலுக்குக் கெட்டி ஆயிலா?

நேயர்களுக்கு வணக்கம். உச்சிப்புளியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள்: “அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு நல்லா கெட்டியான ஆயிலா ஊத்துங்க.” கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதை நம்பி ஊற்றியவன்தான்.

பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் இருக்கும்போது நீர்க்க ஓடுகிற பாகு, ஆற ஆற இறுகும். ஆயிலும் அந்த ஜாதிதான். டப்பாவில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இறுகும் என்பதைச் சொல்கிறது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15-இல். மார்கழி விடியலில் மண்டபத்துக்கு மீன் எடுக்கப் போகிறவருக்குக்கூட அந்தக் கவலை கிடையாது.

நமக்கு வேண்டியது பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு 30, 40, 50 என்று எண் போடுகிறார்கள். எண் கூடினால் கெட்டி கூடும். அப்படியானால் 50 ஊற்றிவிடலாமே? இங்கேதான் சிக்கல். வெளியே வெயில் ஏறினால் எஞ்சினுக்குள்ளும் சூடு ஏறும்தான். ஆனால் இந்த நாட்டில் விற்கிற வண்டிக்கு, இந்த நாட்டு வெயிலைக் கணக்கில் வைத்துத்தான் எண்ணைக் குறித்திருக்கிறார்கள். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 போதும் என்கிறார்கள். புல்லட் 350-க்கு 15டபிள்யூ-50. இரண்டும் ஓடுவது ஒரே ரோட்டில்தான், ஆனால் எஞ்சின் வேறு, உள்ளே பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வேறு. 30 கேட்கிற எஞ்சினில் 50 ஊற்றினால் பிக்கப் மந்தமாகும், மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எஞ்சினின் மேல்பகுதிக்கு, அதாவது ஹெட்டுக்கு, ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில் எஞ்சின் தேயும்.

பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது என்றால் ஒரு படி கெட்டியாக ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். போர் வேலைக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதற்கு, பணம் சேரும்வரைக்கும்தான் அது.

எண்ணைவிட முக்கியமான எழுத்து ஒன்று டப்பாவின் பின்புறம் பொடியாக இருக்கும். ஜாசோ என்பது ஜப்பான்காரர்களின் தரக் குறியீடு. அதில் எம்ஏ, எம்ஏ2 என்றால் கியர் பைக்குக்கு. எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. கியர் பைக்கில் கிளட்ச் பிளேட் ஆயிலுக்குள்ளேயே கிடக்கிறது. எம்பி ஆயிலில் வழுக்கல் அதிகம், பிளேட் பிடிக்காது. நானே ஒருமுறை பேச்சுவாக்கில் டப்பாவை மாற்றி ஊற்றிவிட்டேன். எண் இரண்டிலும் 10டபிள்யூ-30 தான், அதனால் கண்ணில் படவில்லை. மீன் பெட்டியோடு போனவர் பாம்பன் பாலம் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. அவர் திட்டியதை வானொலியில் சொல்ல முடியாது.

மீன்பிடி போட்டில் மிஞ்சிய ஆயிலை பைக்கில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது டீசல் எஞ்சினுக்கு உள்ளது. அப்புறம் டிவிஎஸ் எக்ஸ்எல். பழையது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு எஞ்சினில் தனி ஆயில். பழக்கதோஷத்தில் அதற்கும் பெட்ரோலில் கலந்துகொண்டு வருகிறார்கள்.

சரி, எண்ணும் எழுத்தும் பார்த்தாயிற்று. அளவு பார்த்தீர்களா? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியை, அதாவது டிப் ஸ்டிக்கை, துடைத்து மறுபடி உள்ளே விட்டுப் பாருங்கள். திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் இருக்கும், பரணில் தேடுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள்.