முதன்முறையாகப் பார்க்கும் கண்கள்

[திரையில்: ஓர் உருண்டையும் ஒரு கனசதுரமும்]

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறியப் பழகியவர். அவருக்குத் திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமலேயே இது உருண்டை, அது கனசதுரம் என்று சொல்லிவிடுவாரா? அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மாலினியூ, 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கேள்வி இது. மாலினியூவின் மனைவி பார்வை இழந்தவர் என்பதால், இதை வெறும் ஏட்டுக் கேள்வியாக என்னால் எண்ண முடியவில்லை.

ஒளியை நரம்புச் சைகையாக மாற்றி அனுப்புவதோடு விழித்திரையின் வேலை முடிகிறது. அந்தச் சைகைகளிலிருந்து ஒரு பொருளை அடையாளம் காண்பது மூளை. உளவியல் அதைப் புலன்காட்சி என்கிறது. அந்தத் திறன் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா என்பதே மாலினியூவின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

[திரையில்: குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்]

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தின் வழியே, இந்தியாவில் பிறவிக் கண்புரை போன்ற குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் இது சோதிக்கப்பட்டு, 2011-இல் முடிவு வெளியானது. ஒரு கட்டையை முதலில் காட்டிவிட்டு, பிறகு இரண்டு கட்டைகளை வைத்து, முன்பு கண்டது எது என்று கேட்டார்கள். பார்த்ததைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் அவர்கள் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். ஆனால் கையால் தடவி அறிந்த கட்டையைக் கண்ணால் தேடச் சொன்னபோது, சரியான விடை 58 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாகிவிடும். மறுபடியும் சோதிக்கப்பட்ட பிள்ளைகளிடம், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலேயே, சில நாள்களுக்குள் இந்தத் திறன் வெகுவாக உயர்ந்திருந்தது.

[திரையில்: தண்டவாளம்போல் மேலே குவியும் இரு கோடுகள், இடையில் சம நீளமுள்ள இரு குறுக்குக்கோடுகள்]

இந்தப் படத்தில் மேலே இருக்கும் குறுக்குக்கோடு நமக்கு நீளமாகத் தெரிகிறது. தொலைவைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் விளக்கப்பட்டு வந்தது. ஆனால் 2015-இல் வெளியான ஆய்வில், அப்போதுதான் பார்வை பெற்ற பிள்ளைகளுக்கும் மேல்கோடு நீளமாகவே தெரிந்தது. கையும் கண்ணும் ஒத்துப்போவதற்குப் பழக்கம் தேவைப்பட்டது. இந்த மயக்கத்துக்கு அது தேவைப்படவில்லை.

பிறவிக் கண்புரையைப் பிறந்த சில வாரங்களிலேயே அகற்றுவதுதான் சிறந்தது. ஆனால் வயது கடந்துவிட்டது, இனிமேல் பார்வை வந்தும் மூளைக்குப் பயன்படாது என்று ஒரு பிள்ளையைக் கைவிடுவதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை.