ஊரை அளந்தவர்களின் கணக்கை யார் அளந்தது?

அவையோர்க்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் பழைய அரச நகரங்களை, அதாவது மன்னரின் சாசனம் பெற்ற நகரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாசனத்தில் தொடங்கிக் கோட்டையில் முடிப்பார்கள். நான் சந்தையில் தொடங்குகிறேன். ஒரு மரக்காலில் எவ்வளவு பார்லி பிடிக்கும், ஒரு ரொட்டி என்ன எடை இருக்க வேண்டும், ஊர் ஆலையை இந்த ஆண்டு யாருக்குக் குத்தகை விடுவது என்பவைதான் ஒரு நகரசபைக்குத் தினமும் இருந்த வேலை. அபர்டீன் நகரசபையின் பதிவேடுகள் 1398 முதல், தொடக்கத்தில் ஓர் இடைவெளியைத் தவிர, தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. புரட்டிப் பார்த்தால் கடன் வழக்கு, அடிதடி வழக்கு, சந்தைக் கட்டளை என்றுதான் போகும்.

சபையின் தலைவர் புரோவோஸ்ட். அவருக்கு அடுத்து பெய்லிகள். இவர்களே நிர்வாகிகள், இவர்களே நீதிபதிகள். வணிகர் சங்கத்தின் தலைவரான கில்டு டீன், எல்லைத் தகராறு, பக்கத்து வீட்டுச் சுவர், புதுக் கட்டடம் ஆகியவற்றைப் பார்த்தார். பிறகு பொருளாளர், எழுத்தர். கூடுமிடம் டோல்பூத் என்ற கட்டடம். சுங்கம் வசூலிப்பதும் வழக்கு விசாரிப்பதும் கைதியை அடைப்பதும் அங்கேதான். முடிவுகளைச் சந்தைச் சிலுவைத் தூணருகே நின்று உரக்கப் படிப்பார்கள்.

செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளை ஒட்டிப் புதிய சபை அமையும். இதை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். 1469இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேர்தலில் ‘எளிய மக்களின்’ கூச்சல் பொறுக்க முடியவில்லையாம். ஆகவே பழைய சபையே புதிய சபையைத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் சேர்ந்து புரோவோஸ்டையும் பெய்லிகளையும் தேர்ந்தெடுக்கும். கைவினைத் தொழில் ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகள் தேர்வில் மட்டும் ஒரு வாக்கு. 1474இல் இன்னொரு சட்டம், பழைய உறுப்பினர் நால்வர் புதிய சபையிலும் இருக்க வேண்டும் என்றது. இந்த ஏற்பாடு 1833 வரை ஓடியது. ஏறக்குறைய 360 ஆண்டுகள் சிறு மாற்றங்களோடு இதே கதைதான்.

அடுத்து ஏலம். சந்தைச் சுங்கம், ஆலை, பொதுத் தராசு ஆகியவற்றின் வருமானத்தைச் சபை தன் ஆளை வைத்து வசூலிப்பது குறைவு. நிபந்தனைகளைப் படித்துக் காட்டி, அதிகம் கேட்டவருக்கு ஓராண்டுக் குத்தகையாகக் கொடுத்துவிடும். எடுத்தவர் ஜாமீன்தாரைக் காட்ட வேண்டும். சபைக்கு இதில் வசதி உண்டு: வருமானம் முன்கூட்டியே தெரியும், வசூல் தலைவலி இல்லை. ஆனால் கொள்ளைநோய் வந்து சந்தை மூடினால் குத்தகைதாரர் தள்ளுபடி கேட்டு வாசலில் நிற்பார். சந்தை நன்றாக நடந்தாலோ, போட்ட பணத்தை எடுக்க விற்பவர்களைப் பிழிவார். தானியச் சுங்கம் பல ஊர்களில் காசாக அல்ல, மூட்டைக்கு ஓர் அகப்பை என்று வாங்கப்பட்டது. தூக்கிலிடுபவரின் சம்பளத்தில் ஒரு பகுதிகூடச் சில ஊர்களில் இப்படித்தான், மாவு மூட்டையிலிருந்து அள்ளப்பட்டது. அகப்பை எவ்வளவு பெரிது? வசூலிப்பவரிடம் விட்டால் அது ஆண்டுக்கு ஆண்டு வளரும். ஆகவே அகப்பையின் அளவையும் சபையே நிர்ணயிக்க வேண்டியிருந்தது.

அளவு என்றதும் 1618ஆம் ஆண்டுக்கு வந்தாக வேண்டும். நான்கு நகரங்களிடம் நான்கு மூல அளவைகள் இருந்தன. திரவத்துக்கு ஸ்டெர்லிங் நகரத்துக் குவளை, நீளத்துக்கு எடின்பரோவின் எல் கோல், எடைக்கு லானார்க்கின் கல், தானியத்துக்கு லின்லித்கோவின் ஃபிர்லட் என்ற மரக்கால். ஸ்டெர்லிங் குவளையில் ஒரு ஸ்காட்டிஷ் பைண்ட், அதாவது சுமார் 1.7 லிட்டர் பிடிக்கும். எல் என்பது 37 அங்குலம். மற்ற ஊர்கள் இவற்றைப் பார்த்துத் தங்கள் அளவைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

இதில் சிக்கலானது மரக்கால்தான். கோதுமையைத் தலைதட்டி அளப்பார்கள். பார்லி, ஓட்ஸ், மால்ட் ஆகியவற்றைக் கும்பம் வைத்து, அதாவது விளிம்புக்கு மேல் குவித்து அளப்பது வழக்கம். கும்பத்தில்தான் ஏமாற்றுக்கு இடம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மரக்கால்களில் வாய் அகன்றதில் கும்பம் பெரிதாக நிற்கும். மேலிருந்து கொட்டினால், பக்கத்தில் தட்டினால், தானியம் படிந்து இன்னும் கொள்ளும். இதைத் தடுக்க 1618இல் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கும்பத்தை ஒழித்துவிட்டு அதன் அளவை மரக்காலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கோதுமை ஃபிர்லட் 21¼ பைண்ட், ஏறத்தாழ 36 லிட்டர். பார்லி ஃபிர்லட் 31 பைண்ட், ஏறத்தாழ 53 லிட்டர். இனி இரண்டையும் தலைதட்டியே அளக்க வேண்டும். நான்கு ஃபிர்லட் சேர்ந்தால் ‘போல்’ என்ற ஓர் அளவு. தாளில் எல்லாம் ஒழுங்காயிற்று. ஊர்களோ தங்கள் பழைய அளவை விடவில்லை. குத்தகையைத் தானியமாக வாங்கிய நிலக்காரருக்குப் பெரிய மரக்கால்தானே லாபம்? 1824இல் இம்பீரியல் அளவைச் சட்டம் வந்த பிறகுதான் இந்த வேறுபாடுகள் மெல்ல மறையத் தொடங்கின.

ரொட்டிக்கு வழி வேறு. ரொட்டியின் விலை மாறாது, எடை மாறும். சந்தையில் கோதுமை என்ன விலை என்று பார்த்து, இன்ன காசு ரொட்டி இத்தனை அவுன்ஸ் இருக்க வேண்டும் என்று சபை அறிவிக்கும். கோதுமை ஏறினால் ரொட்டி சிறுக்கும். பெய்லிகள் தராசோடு கடைக்குப் போவார்கள். எடை குறைந்தால் பறிமுதல், ரொட்டி ஏழைகளுக்கு. இதில் உண்மையான தகராறுக்கும் இடமுண்டு: அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆற ஆற ஈரம் போய் எடை குறையும். காலையில் சரியாக இருந்தது மாலையில் குற்றமாகிவிடும்.

ஏல் என்ற பார்லி மதுவைக் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘நான்கு நகரச் சட்டங்கள்’ என்ற பழைய தொகுப்பின்படி (மூல அளவைகள் வைத்திருந்த நான்கு நகரங்களை இது குறிப்பதல்ல), கெட்ட ஏல் விற்றவளுக்கு 8 ஷில்லிங் அபராதம், இல்லையேல் அவமான நாற்காலி. அந்த ஏலில் மூன்றில் இரண்டு பங்கு ஏழைகளுக்கு, ஒரு பங்கு மருத்துவ இல்லத்துக்கு. கெட்டுப்போனது என்று தீர்ப்பளித்துவிட்டு அதையே நோயாளிக்கு அனுப்பியிருக்கிறார்கள், பாருங்கள்!

தரம் பார்க்கச் சுவைப்பவர்களை நியமித்தது சபை. அவர்கள் தெருவில் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் உள்ளே போய், தானே ஒரு பானையைத் தேர்ந்து மாதிரி எடுத்து வர வேண்டும். நடந்தது என்ன? அரசனின் நிதி அதிகாரியான சேம்பர்லின் ஊர் ஊராகச் சென்று விசாரணை நடத்துவார். அவர் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலிலேயே இருக்கிறது: சுவைப்பவர்கள் வீட்டுக்குள் புகுந்து வயிறு நிறையக் குடிக்கிறார்கள் என்று.

அந்தச் சேம்பர்லின்தான் இந்த முழு அமைப்பில் வெளியிலிருந்து வந்த ஒரே தணிக்கையாளர். ரொட்டிக்காரரை மட்டுமல்ல, பெய்லிகளையும் அவர் விசாரித்தார். 16ஆம் நூற்றாண்டில் அந்தப் பயணம் நின்றுபோனது. 1491இல் ஊர் வருமானம் ஊரின் பொதுநன்மைக்கே என்று சட்டம். 1535இல் ஆண்டுதோறும் அரசுக் கருவூலத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம். இரண்டும் பெரும்பாலும் ஏட்டோடு நின்றன.

விளைவை அபர்டீனில் பார்க்கலாம். 1319இல் ராபர்ட் புரூஸ் மன்னர் அந்த நகரையும் ஸ்டாக்கெட் காட்டையும் ஆண்டுக்கு 213 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் நிலையான தொகைக்கு நகரத்தாருக்கே விட்டார். நகரத்துக்கு இது பெரும் வாய்ப்பு. ஸ்காட்டிஷ் பவுண்டு தேய்ந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 12 பவுண்டு கொடுத்தால்தான் 1 இங்கிலாந்துப் பவுண்டு. அதே தொகை அப்போது 18 பவுண்டுக்கும் குறைவு. காலம் போகப் போக நிலையான தொகை யாருக்கு லாபம் என்பது நகரத்துக்கு அனுபவத்தில் தெரியும். தெரிந்தும் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே நிலங்களையும் டீ, டான் ஆறுகளின் சால்மன் மீன்பிடி உரிமைகளையும் முன்பணம் வாங்கிக்கொண்டு மாறாத ஆண்டுத் தொகைக்குச் சாசுவதக் குத்தகையாக விட்டது. இது வெறும் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. தன்னைத் தானே தேர்ந்துகொள்ளும் சபை, தன்னைச் சேர்ந்தவர்களுக்குச் சொத்தை விடும்போது கேள்வி கேட்க யாரும் இல்லை.

19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் யூனியன் தெரு என்ற பெருந்தெருவைக் கடன் வாங்கிப் போட்ட அபர்டீன், 1817இல் திவாலானது. லீத் துறைமுகக் கடனில் சிக்கிய எடின்பரோ 1833இல் திவாலானது. அதே ஆண்டு வந்த சீர்திருத்தச் சட்டம், 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டுக்காரர்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை அளித்தது.

நகரசபைகள் 1975இல் கலைக்கப்பட்டு, பெரிய மாவட்டங்களோடு சேர்ந்தன. பொதுநன்மைச் சொத்து, அதாவது ஊரின் பொதுநன்மைக்கென்று பழைய நகரங்களிடம் இருந்த சொத்து மட்டும் சட்டத்தில் தனியாக நின்றது. பூங்கா, மண்டபம், கடற்கரைப் புல்வெளி என்று பல இடங்களில் எது அந்தக் கணக்கில் சேரும் என்பதே தகராறாயிற்று. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் அச்சொத்துகளின் பதிவேட்டைத் தொகுத்து வெளியிட வேண்டும். விற்பதற்கு முன் ஊராரிடம் கருத்துக் கேட்க வேண்டும்.